40 டாலருக்குள் ஒரு ஜோடி வேஷம்

கேள்வி: கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. டெக்சாஸில் பிளேனோவில் இருக்கிறோம். எனக்கு வேலை பார்க்க இன்னும் அனுமதி வரவில்லை, ஒரே சம்பளம்தான். அக்டோபர் 31 அன்று கணவரின் அலுவலகத்தில் ஹாலோவீன் பார்ட்டி. ஜோடியாக வேஷம் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் ஒருவருக்கே 50, 60 டாலர் ஆகும் போலிருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து 40 டாலருக்குள் வீட்டிலேயே செய்துவிட முடியுமா? தையல் மெஷின் இல்லை. இவரோ, கோமாளி மாதிரி எதையும் மாட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறார். பேசாமல் கல்யாணப் பட்டும் வேட்டியும் கட்டிக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றுகிறது. மாமியார் வேறு, பேய் வேஷமெல்லாம் அபசகுனம் என்று போனில் சொல்கிறார்.
- பெயர் வேண்டாம், பிளேனோ

பதில்: அன்புள்ள தோழி, பட்டுப்புடவையை முதலில் பெட்டியில் திரும்ப வையுங்கள். அது உங்கள் உடுப்பு, வேஷம் இல்லை. பார்ட்டி முழுக்க "நீங்கள் யார் வேஷம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நீங்களும் அசடு வழியப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த வருஷம் அதே ஆபீஸில் யாராவது புடவையும் பொட்டுமாக "இந்தியப் பெண்" வேஷத்தில் வந்து நின்றால் உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும், ஆனால் வாயைத் திறக்க முடியாது. போதாததற்கு, பட்டில் சிவப்புப் பஞ்ச் சிந்தினால் டிரை கிளீனிங் செலவு இந்த 40 டாலரை ஒரே வாயில் விழுங்கிவிடும்.

40 டாலர் தாராளமாகப் போதும். பணம் எங்கே கரைகிறது தெரியுமா? இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வர வேண்டும் என்று பசை, பெயின்ட், மினுமினுப்புத் தாள் என்று கூடையை நிரப்புவதில்தான். அலமாரியைத் திறந்து, இருப்பதை வைத்து என்ன ஆகலாம் என்று பாருங்கள். ஐ.டி. வேலை பார்க்கும் எந்தத் தமிழ்ப் பிள்ளையிடமும் கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸும் இல்லாமல் இருக்காது. உங்களிடம் கறுப்பு லெக்கிங்ஸும் கறுப்பு டீ-ஷர்ட்டும் இருக்கும். அவர் சோளக்கொல்லை பொம்மை, நீங்கள் காக்கை. முடிந்தது கதை.

அமெரிக்காவில் அக்டோபர் வந்தாலே வீட்டு வாசலில் வைக்கோல் கட்டும் பூசணியும் அடுக்கி, பக்கத்தில் ஒரு சோளக்கொல்லை பொம்மையையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும். கூச்சப்படும் கணவருக்கும் இதைவிடத் தோதான வேடம் கிடைக்காது. ஆட வேண்டாம், பாட வேண்டாம், கையை விரித்துக்கொண்டு சும்மா நின்றாலே நடிப்பு.

இன்னொரு காரணமும் உண்டு. ஜோடி வேஷத்தில் ஒவ்வொருவரும் தனியாக நின்றாலும் இன்னது என்று தெரிய வேண்டும். உங்கள் வீட்டுக்காரரை மேனேஜர் ஓரமாக இழுத்துப்போய்ப் பேச ஆரம்பித்திருப்பார், நீங்கள் சாப்பாட்டு மேஜைப் பக்கம் இருப்பீர்கள். பிளக்கும் சாக்கெட்டுமாகப் போனவர்கள் அந்த நேரத்தில் வெறும் அட்டைப்பெட்டிகள்தான். அட்டைப்பெட்டியோடு உட்காரவும் முடியாது, கார் ஓட்டவும் முடியாது.

சரி, செய்முறைக்கு வருவோம். பொம்மை சுலபம். டாலர் ட்ரீ என்ற மலிவு விலைக் கடையில் ராஃபியா என்று வைக்கோல் நிறத்தில் நார்க்கட்டு கிடைக்கும். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தில் நெருக்கமாக அடுக்கி, மேலே இன்னொரு டேப்பை ஒட்டினால் நீளமான குஞ்சம் தயார். சட்டைக் கை, கழுத்து, பேன்ட் நுனி ஆகியவற்றின் உட்புறத்தில் ஊக்கால் குத்திவிடுங்கள். மறுநாள் கழற்றிவிட்டால் சட்டைக்கு ஒரு சேதமும் இல்லை, திங்கட்கிழமை அதையே ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகலாம். நிஜ வைக்கோல் வேண்டாம். உடம்பு அரிக்கும், ஆபீஸ் கார்ப்பெட் முழுக்க உதிரும். இடுப்பில் ஒரு சணல் கயிறு, தலையில் ஓலைத்தொப்பி. முகத்துக்கு உங்கள் கண் மை போதும்: வாயின் இரு ஓரத்திலிருந்தும் கன்னம் வரை ஒரு கோடு, அதன் குறுக்கே சின்னச் சின்னத் தையல். கன்னத்தில் லிப்ஸ்டிக்கால் வட்டம். முகத்தில் கை வைக்க விடமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், குஞ்சமும் தொப்பியும் மட்டுமே போதும்.

உழைப்பெல்லாம் காக்கையின் இறக்கைக்குத்தான். கறுப்புத் துப்பட்டா ஒன்றை நீளவாக்கில் இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இறகுகளை க்ளூ கன்னால், அதாவது பசைக்குச்சியை உருக்கி ஒட்டும் கருவியால், இதில் ஒட்டப்போகிறோம். துப்பட்டா பருத்தியாக இருந்தால் நல்லது, ஜார்ஜெட்டில் சூடான பசை பட்டால் துணி உருகிச் சுருங்கும். பழைய துணிமணி விற்கும் குட்வில் கடையில் எக்ஸ்எல் அளவில் இரண்டு கறுப்பு டீ-ஷர்ட் வாங்குங்கள். பனியன் துணியை எப்படி வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்கத் தேவையில்லை. தையல் மெஷின் இல்லாத குறை இதிலேயே தீர்ந்தது. 15 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலத்தில், கீழ்நுனி கூராக இறகுகள் வெட்டுங்கள். துப்பட்டாவின் அடிவிளிம்பில் தொடங்கி, ஓடு வேய்வதைப் போல ஒரு வரிசைமேல் அடுத்த வரிசை கொஞ்சம் ஏறி உட்கார, மேல்நோக்கி ஒட்டிக்கொண்டே போங்கள். பசை இறகின் மேல்நுனியில் மட்டும் இருக்கட்டும், முழுக்கப் பூசினால் விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு வரிசைக்கு 40 இறகுக்குக் கொஞ்சம் மேலே ஆகும், நாலு வரிசையில் துப்பட்டா நிறைந்துவிடும். அடியில், கேக் சுடும்போது தட்டில் போடும் பேக்கிங் பேப்பரை விரித்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளை விரித்தால் பசை அதோடு ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு முனையிலும் தலைமுடி ரப்பர் பேண்டை ஊக்கால் குத்திவிட்டால் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

அலகை முகத்தில் ஒட்ட வேண்டாம், சாப்பிட முடியாது. கறுப்பு பேஸ்பால் தொப்பியின் முன்நீட்டத்தின் மேல், சீரியல் டப்பா அட்டையைக் கூம்பாக மடித்து ஒட்டிக் கறுப்படித்தால் போதும். பக்கத்துக்கு ஒரு வெள்ளைக் கண். காக்கையின் அலகு கறுப்புத்தான். அழகுக்காக மஞ்சள் பூசினீர்களானால் மைனாவாகிவிடுவீர்கள்! கடைசியாக, மிச்சமிருக்கும் ராஃபியாவில் நாலைந்து நாரை அந்த அலகில் செருகிக்கொள்ளுங்கள். காக்கையை விரட்ட வைத்த பொம்மையிடமே காக்கை வைக்கோலைப் பிடுங்கிவிட்டது என்றாகும். இதுதான் இரண்டு பேரையும் ஜோடியாக்குகிறது.

செலவு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். டீ-ஷர்ட் இரண்டும் 8, 9 டாலர், ஓலைத்தொப்பியும் கறுப்புத் தொப்பியும் சேர்த்து 7, 8. ராஃபியா, டேப், கயிறு, ஊக்கு எல்லாம் டாலர் ட்ரீயில் 6, 7. சின்ன க்ளூ கன்னும் குச்சியும் இன்னொரு 6, 7. எப்படிப் பார்த்தாலும் 31 டாலரைத் தாண்டாது. அக்கம்பக்கத்தில் க்ளூ கன் இரவல் கிடைத்தால் இன்னும் குறையும். குட்வில்லில் பல ஊர்களில் வாரத்துக்கு ஒரு நிறம் என்று, அந்த நிற விலைச்சீட்டு ஒட்டிய பொருளுக்குப் பாதி விலை வைத்திருப்பார்கள், என்ன நிறம் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். மாதத் தொடக்கத்திலேயே போய்விடுவது நல்லது, கடைசி வாரத்தில் கறுப்பு டீ-ஷர்ட் கண்ணில் படாது.

மாமியார் விஷயம். ஹாலோவீன் என்பது நவம்பர் 1-ல் வரும் கிறிஸ்தவர்களின் புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்தைய மாலை. நவம்பர் 2 இறந்துபோனவர்களை நினைத்து வேண்டிக்கொள்ளும் நாள். அதற்கும் முன்னால் அயர்லாந்துப் பக்கம் 'சாவின்' (Samhain) என்று ஒரு பண்டிகை இருந்தது, செத்தவர்கள் அன்று வீட்டுப் பக்கம் வருவார்கள் என்ற நம்பிக்கையோடு. அமாவாசைக்கு நாம் யாரைக் கூப்பிட்டுச் சோறு வைக்கிறோம்? "பேய் இல்லை அத்தை, காக்கையாகத்தான் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் சிரித்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். 2024-ல் தீபாவளியே அக்டோபர் 31-ல்தான் வந்தது, அன்று இங்கே பல வீடுகளில் காலையில் எண்ணெய்க் குளியல், சாயங்காலம் வேஷம்.

கணவர் காக்கைக்கும் பொம்மைக்கும் மசியவில்லை என்றால் கைவசம் இன்னொன்று: 'அமெரிக்கன் காத்திக்'. கிராண்ட் வுட் 1930-ல் வரைந்த ஓவியம், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. வட்டக் கண்ணாடியும் கறுப்புக் கோட்டுமாக ஒரு விவசாயி, பக்கத்தில் ஏப்ரன் கட்டிய பெண். கோட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளும் திறமையும் இருந்தால் அவருக்கு வேலை முடிந்தது. பெரிய அட்டையில் சட்டம் வெட்டி இருவருமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். வுட் வரைந்தது அப்பாவையும் மகளையும், முன்னால் நின்றவர்கள் அவருடைய தங்கையும் பல் டாக்டரும். மூன்று பல் கவைக்கோலை மட்டும் அட்டையில் செய்யுங்கள், நிஜ இரும்பை ஆபீஸ் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார்.

மெழுகுவர்த்தி எரியும் பூசணிப் பக்கம் இறக்கையோடு போகாதீர்கள், ராஃபியாவும் சட்டென்று பற்றிக்கொள்ளும். காக்கைக் கண் வேண்டும் என்று கலர் லென்ஸ் தேடவும் வேண்டாம். அலங்கார லென்ஸானாலும் அமெரிக்காவில் கண் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, சீட்டு கேட்காமல் விற்கிறவனிடம் வாங்குவது கண்ணுக்கு ஆபத்து.

முந்தின நாள் ராத்திரி இருவரும் முழு வேஷத்தோடு வீட்டில் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். எது உதிர்கிறது, எது அரிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அப்புறம், காரில் ஏறும்போது இறக்கையைக் கழற்றிப் பின் சீட்டில் விரித்துப் போடுங்கள். சீட் பெல்ட்டில் மாட்டினால் ஒட்டிய இறகெல்லாம் பிய்ந்துவிடும்.