ஆறு நாளை ஆறு யுகமா நீட்டினா போதுமா?

சார் வணக்கம்,

நான் பிஎஸ்சி ஜுவாலஜி படிக்கிறேன். வீட்ல எல்லாரும் தவறாம சபைக்குப் போறவங்க, நானும்தான். கிளாஸ்ல எவல்யூஷன் நடத்தும்போது உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருக்கு. போதகர்கிட்ட கேட்டேன். "கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம் மாதிரி, ஆறு நாள்னா ஆறு யுகம், அப்படி எடுத்துக்கிட்டா சயின்ஸோட கரெக்டா பொருந்திடும்"னார். ஃப்ரெண்ட் ஒருத்தன் "ரெண்டுல ஒண்ணை விட்டுடு"ங்கிறான். ரெண்டையும் வச்சுக்க முடியுமா? பேர் போட வேணாம் சார்.

•

அன்புள்ள தம்பி,

முடியும். ஆனா போதகர் சொன்ன வழியில முடியாது, அதை முதல்லயே சொல்லிடறேன்.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எடுத்து வரிசையை மட்டும் பாருங்க. மூணாம் நாள் கனி குடுக்கிற மரம், நாலாம் நாள் சூரியன், அஞ்சாம் நாள் மீனும் பறவையும், ஆறாம் நாள்தான் தரையில நடக்கிற மிருகம். பாறையில கிடைக்கிற ஃபாசில் வரிசை வேற, மீன் வந்து 30 கோடி வருஷத்துக்கு மேல கழிச்சுதான் பூத்துக் காய்க்கிற செடியே வருது, பறவை வந்தது தரையில நடந்த டைனோசர் வம்சத்துல இருந்து. நாளை யுகமா இழுத்தா நீளம் கூடும், வரிசை மாறாதே. சூரியனே இல்லாம ஒரு யுகம் முழுக்க மரம் நின்னுச்சுன்னு சொல்ல வேண்டி வரும். (தசாவதாரத்துல மீன், ஆமை, பன்றின்னு வரிசையா இருக்கே, அதான் எவல்யூஷன்னு சொல்றவங்களும் இதே வேலையைத்தான் பண்றாங்க, பாதி வரைக்கும் பொருத்திட்டு நரசிம்மம் வந்ததும் பேச்சை மாத்திடுவாங்க.)

இந்தப் பொருத்திப் பாக்கற ஆசையை ஒரு பாதிரியாரே கண்டிச்சிருக்கார். விரிவடையற பிரபஞ்சம்னு 1927லயே எழுதினவர் பெல்ஜியத்துக்காரர் ஜார்ஜ் லெமெய்த்ர், கத்தோலிக்கக் குருவானவர், இன்னிக்கு நாம பிக் பேங்ங்கிறதுக்கு விதை போட்டவர். 1951ல போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த விஞ்ஞானம் படைப்புக்கு சாட்சி சொல்லுதுங்கிற மாதிரி பேசினப்போ லெமெய்த்ருக்கு அது பிடிக்கவே இல்ல. நாளைக்கு தியரி மாறினா நம்பிக்கையும் கூடவே சரியணுமா என்ன?

ஆறு நாளை நேரடியா எடுக்கக்கூடாதுங்கிறது டார்வினுக்குப் பயந்து கண்டுபிடிச்ச சமாளிப்பு கிடையாது, இதையும் தெரிஞ்சுக்கங்க. அஞ்சாம் நூற்றாண்டு தொடக்கத்துலயே புனித அகஸ்டின் அந்த நாட்கள் நம்ம 24 மணிநேர நாள் இல்லன்னு வாதாடினார், வானம் பூமி பத்தி விஷயம் தெரிஞ்ச புறமதத்தார் முன்னாடி கிறிஸ்தவன் வேதத்தைக் காட்டி உளறினா வெட்கக்கேடுன்னும் எழுதி வச்சார். பூமிக்கு வயசு 6000 வருஷம்தான்னு அடம்பிடிக்கிறவங்களோட மட்டும் சமாதானத்துக்கு வழியே இல்ல. 1956ல கிளேர் பேட்டர்சன்ங்கிற விஞ்ஞானி விண்கல்லுல இருக்கிற ஈயத்தை அளந்து 455 கோடி வருஷம்னார், இன்னிக்கும் கணக்கு கிட்டத்தட்ட அங்கயேதான் நிக்குது.

அப்போ எப்படி முடியும்னு சொன்னேன்? 139ம் சங்கீதம் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும், தாயோட கர்ப்பத்துல இருந்தப்போவே கர்த்தர் என்னை உண்டாக்கினார்னு தாவீது பாடறார். நீங்க அதையும் நம்பறீங்க, கரு எப்படி வளருதுன்னு சொல்ற எம்பிரியாலஜி பரீட்சையில செல் பிரியறதையும் எழுதறீங்க, எந்தப் போதகரும் எம்பிரியாலஜி புக்கைத் தூக்கிப் போடுன்னு சொல்றதில்ல. ஒரு மனுஷனை ஒன்பது மாசத்துல இயற்கையா உருவாக்கற கடவுள், ஒரு இனத்தைப் பல கோடி வருஷத்துல இயற்கையா உருவாக்கக்கூடாதா? அப்படி உருவானதுக்கு அடையாளம் நம்ம உடம்புலயே இருக்கு: நமக்கு 46 குரோமோசோம், சிம்பன்சிக்கு 48. பழைய ரெண்டு குரோமோசோம் ஒண்ணா ஒட்டினதுதான் நம்ம ரெண்டாம் நம்பர் குரோமோசோம், நுனியில இருக்க வேண்டிய டெலோமியர் சங்கதி அதுல நடுவுல கிடக்கு. 2005ல அமெரிக்காவுல, பரிணாமத்துக்கு மாற்றா 'இன்டெலிஜென்ட் டிசைன்'னு ஒண்ணைப் பள்ளிப் பாடத்துல நுழைக்கலாமான்னு நடந்த டோவர் பள்ளி வழக்குல இதைக் கோர்ட்ல விளக்கிச் சொன்னவர் கென்னத் மில்லர், செல் பயாலஜிஸ்ட், விசுவாசமுள்ள கத்தோலிக்கர்.

இத்தோட நிறுத்தினா உங்களை ஏமாத்தின மாதிரி ஆகும், ஏன்னா நிஜமான இடிப்பு ஆறு நாள்ல இல்ல, வேற ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு ஆதாம். 1950ல அதே பயஸ், மனுஷ உடம்பு முந்தின உயிர்ல இருந்து வந்திருக்கலாமான்னு ஆராயலாம், ஆனா ஆதாம்னு ஒருத்தர்கிட்ட இருந்துதான் மனுஷங்க எல்லாரும்ங்கிறதை விட்டுடக்கூடாதுன்னார். ஜெனிடிக்ஸ் பாத்தா நம்ம முன்னோர் கூட்டம் ஒரே ஒரு ஜோடியா சுருங்கின அடையாளம் இல்ல. அப்போ ஆதாம்கிட்ட இருந்து எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சுன்னு சொல்ற ஜென்மபாவம் யார் வழியா வந்துச்சுங்கிற கேள்விக்கு உங்க இறையியல்காரங்க இன்னும் அடிச்சுக்கிட்டிருக்காங்க.

ரெண்டாவதுதான் எனக்குப் பெருசா படுது. வலி. 1860ல டார்வின் தன் நண்பர் ஏசா கிரேவுக்கு ஒரு லெட்டர் எழுதறார், கிரே தாவரவியல் நிபுணர், பக்தியுள்ள கிறிஸ்தவர், அமெரிக்காவுல டார்வினுக்காக வாதாடினவர். புழுவோட உடம்புக்குள்ள முட்டை வச்சு, அது உயிரோட இருக்கும்போதே உள்ள இருந்து தன் குஞ்சு தின்னு வளர்ற குளவியை, கருணையுள்ள சர்வவல்லமையுள்ள கடவுள் வேணும்னே படைச்சார்னு என்னால நம்ப முடியலங்கிறார். இதுவரைக்கும் பூமியில இருந்த இனங்கள்ல 99 சதவீதத்துக்கு மேல அழிஞ்சாச்சு. ஏவாள் கனி சாப்பிட்டதாலதான் சாவு வந்துச்சுன்னு சொன்னா, மனுஷனே இல்லாத அந்தக் கோடிக்கணக்கான வருஷத்துச் சாவெல்லாம் எந்தக் கணக்குல வரும்? டார்வின் கதவைச் சாத்திடல, 1879ல இன்னொருத்தருக்கு எழுதினப்போ ஒருத்தர் தீவிர ஆத்திகராவும் பரிணாமவாதியாவும் இருக்க முடியுமான்னு சந்தேகப்படறதே அபத்தம்னார், ஆனா தன்னை அக்னாஸ்டிக்னுதான், அதாவது கடவுள் உண்டா இல்லையான்னு தெரியாதுங்கிறவர்னுதான் சொல்லிக்கிட்டார்.

நான் சபைக்கோ கோயிலுக்கோ போற ஆள் இல்ல, அதனால இந்தக் குளவி என் தூக்கத்தைக் கெடுக்கறதில்ல, உங்க தூக்கத்தைக் கெடுக்கும், கெடுக்கணும்னுதான் நினைக்கிறேன். யோபு புஸ்தகத்தை ஒருதடவை பொறுமையா படிங்க, அதுல கடவுள் பேசற இடத்துல கழுகு இரத்தம் குடிக்கிற குஞ்சுகளோட வருது, யாரும் அதுக்கு மன்னிப்புக் கேக்கல. உங்க ஃப்ரெண்டுக்கு லெமெய்த்ர், கிரே, மில்லர் பேரைச் சொல்லுங்க போதும். போதகர்கிட்ட இனிமே யுகக் கணக்கைக் கேக்காதீங்க, குளவியைப் பத்திக் கேளுங்க, அவர் என்ன சொன்னார்னு எனக்கும் எழுதுங்க.