சேலம் பக்கத்துக் குடியானவர் குடும்பம் ஒன்றின் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களும் கணக்குகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: அயோத்தியாப்பட்டணத்துக்கு அருகிலுள்ள பூர்வீக வீட்டை இடிப்பதற்கு முன்னால் அட்டாலியை (பரணை) ஒழித்தபோது, ஒரு மரப்பெட்டி நிறைய முத்திரைத்தாள் பத்திரங்களும் ஓலைக்கட்டுகளும் நீளவாக்கில் தைத்த கணக்குப் புத்தகங்களும் கிடைத்திருக்கின்றன. சொத்துக்கு வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய சாதாரண விவசாயக் குடும்பத்தின் காகிதங்களால் யாருக்கு என்ன பயன் என்றும் கேட்கிறார்கள்.

போட்டுவிடாதீர்கள். அதைவிட முக்கியமாக, பத்திரம் வேறு கணக்கு வேறு என்று இப்போதே பிரித்துவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் அந்தத் தவறு நடந்தது. சேர்வராயன் மலையடிவாரத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம் எங்களுக்கு இருந்த பூமியைப் பாகம் பிரித்தபோது, பெரியப்பா பெட்டியைத் திறந்து, முத்திரைத்தாளில் இருந்தவற்றை எல்லாம் தனியே எடுத்து வக்கீலிடம் கொடுத்தார். மற்றவை வெந்நீர் அடுப்புக்கு அருகில் ஒரு மாதம் கிடந்தன. எவ்வளவு எரிந்தது என்று இன்று சொல்ல யாரும் இல்லை. ஒரு சிவப்புத் துணிக்கட்டு மட்டும் பிரிக்கப்படாமல் என் கைக்கு வந்தது. அந்த ஒரு கட்டைப் பல ஆண்டுகளாகப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கட்டின் நடுவில் மூன்று காகிதங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. வெளியே இருந்தது வெகுதானிய வருஷம் மார்கழி மாதத்துக் கிரையப் பத்திரம். பக்கத்துக் காட்டுக்காரர் (எங்கள் பக்கத்தில் காடு என்றால் புஞ்சை நிலம்) ஒருவர், தம் குடும்பச் செலவுக்காக ரொக்கம் 41 ரூபாய் 7 அணா பற்றிக்கொண்டு, ஒரு புஞ்சைத் துண்டை எங்கள் முன்னோருக்குப் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு நிலத்துக்கு யாரும் 7 அணாவோடு விலை பேச மாட்டார்கள். அந்த 7 அணா என்னைப் பல நாள் தொந்தரவு செய்தது. விடை உள்ளே இருந்த மற்ற இரண்டு காகிதங்களில் இருந்தது. ஒன்று, தாது வருஷம் மார்கழியில் அதே மனிதர் கம்பு வாங்கிய வகையில் எழுதிக் கொடுத்த 28 ரூபாய்க்கான கடன் பத்திரம். வட்டி மாதம் நூற்றுக்கு 2 ரூபாய். மற்றொன்று, முத்திரை இல்லாத ஒரு துண்டுத் தாளில் போட்ட வட்டிக் கணக்கு. இருபத்து நான்கு மாதத்துக்கு வட்டி 13 ரூபாய் 7 அணா. அசலோடு சேர்த்தால் 41 ரூபாய் 7 அணா. பத்திரத்தில் சொல்லப்பட்ட ரொக்கம் எந்தக் கையிலிருந்தும் எந்தக் கைக்கும் போகவில்லை. பஞ்சத்தில் கொடுத்த கம்புக்கு ஈடாக நிலம் வந்திருக்கிறது.

தாது வருஷம் என்பது 1876–77. நம் பக்கத்துப் பாட்டிமார்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிவந்தது அந்த ஆண்டில் தொடங்கிய பெரும் பஞ்சத்தைத்தான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்து, 1881 இல் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. இந்த எண்களை எந்த நூலகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பஞ்சத்தில் ஒரு காட்டுக்காரர் தம் காட்டை எந்தக் கணக்கில் இழந்தார் என்பதற்கு அந்த மூன்று காகிதங்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. பதிவு அலுவலகத்திலும் அது இருக்காது. 1864 இல் வந்த பதிவுச் சட்டத்திலிருந்து 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலக் கிரையங்களைத்தான் கட்டாயம் பதிய வேண்டியிருந்தது. அதற்குக் குறைந்தவை பெரும்பாலும் வீட்டுப் பெட்டிகளிலேயே தங்கிவிட்டன. கிரையப் பத்திரத்தை மட்டும் பெரியப்பா உருவியிருந்தால், தாத்தா காலத்தில் விலை கொடுத்து வாங்கிய பூமி என்று நாங்கள் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருப்போம். விற்றவர் பெயருக்கு நேரே ஒரு நெடுங்கோடும் அதன்மேல் ஒரு குறுக்குக்கோடும் போட்டு, 'கீறல்' என்று வேறொரு கை எழுதியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் உலகத்தில் விட்டுப்போன எழுத்து அநேகமாக அது ஒன்றுதான்.

அந்தக் கடன் பத்திரத்தின் மேல்விளிம்பிலிருந்து இரண்டு விரற்கடை அளவுக்கு ஒரு கிழிசல் இருந்தது. மடிப்பில் நைந்துபோனது என்று நினைத்து அதை ஒட்டுவதற்கு உட்கார்ந்தேன். அப்போது அருகில் இருந்த ஒரு பெரியவர், கடன் பைசலானதற்கு அடையாளமாகப் பத்திரத்தைக் கிழிப்பது வழக்கம் என்று சொல்லித் தடுத்தார். சேதம் என்று நான் நினைத்ததுதான் அந்தக் காகிதத்தின் கடைசி வாசகம். ஆகையால் உங்கள் பெட்டியில் எந்தக் கிழிசலையும் மடிப்பையும் முடிச்சையும் சரிசெய்வதற்கு முன், அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கட்டுக்குள் எது, எதற்கு மேல் எது இருந்தது என்பதைப் பிரிக்கும்போதே படம் எடுத்து, பென்சிலால் வரிசை எண் குறித்துவிடுங்கள். பின்பக்கங்களை விட்டுவிடாதீர்கள். முத்திரைத்தாளின் பின்புறம் அதை விற்றவர் தேதியும் வாங்கியவர் பெயரும் எழுதியிருப்பார். கடன் பத்திரத்தின் பின்புறத்தில் அவ்வப்போது கட்டிய வட்டி வரவாகியிருக்கும்.

படிப்பது முதலில் மலைப்பாக இருக்கும், பழகிவிடும். அக்காலத்துக் கையெழுத்தில் புள்ளி வைப்பதில்லை, சொல்லுக்குச் சொல் இடம் விடுவதில்லை, குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே கொம்புதான், துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'மெலகாடு' என்று எழுதியிருப்பதை மேல்காடு என்று நாமே படித்துக்கொள்ள வேண்டும். எண்கள் பெரும்பாலும் தமிழ் எண்கள். கணக்குப் புத்தகத்தில் ௷ வந்தால் வரவு, ௶ வந்தால் பற்று, ௹ ரூபாய், ௸ என்றால் மேற்படி. பின்னங்களுக்கு அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று தனித்தனிக் குறிகள் உண்டு. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கூட்டுத்தொகை சரியாக வந்தால் குறிகளைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நான் பின்னங்களைக் கற்றுக்கொண்டது அந்த வட்டிக் கணக்கை வைத்துத்தான்.

ஆண்டைக் கண்டுபிடிப்பதில் கவனம் தேவை. வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால் தாது என்பது 1816 ஆகவும் இருக்கலாம், 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். இப்படித் திரும்பாத தொடர் ஆண்டுக் கணக்கான கலியப்தமோ சாலிவாகன சகாப்தமோ உடன் எழுதியிருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் முத்திரைத்தாளையும் நாணயத்தையும் பாருங்கள். வராகன், பணம் என்ற பழைய நாணயங்களில் தொகை சொல்லியிருந்தால் அது நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். 1818 முதல் சென்னை ராஜதானியில் ரூபாய்தான் அடிப்படை நாணயம். பட்டாவிலும் கிஸ்து (நிலவரித் தவணை) ரசீதிலும் பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டு இருக்கும். ஜூலையில் தொடங்கும் அந்த ஆண்டோடு 590 கூட்டினால் போதும். பசலி 1286 என்பது 1876 ஜூலையில் தொடங்கியது.

நில எல்லையைப் படிக்கும்போது நான் நெடுநாள் தவறு செய்துகொண்டிருந்தேன். செக்குபந்தியில் (நான்கு எல்லை விவரத்தில்) 'இன்னார் பூமிக்குக் கிழக்கு' என்று இருந்தால், இன்னார் பூமி நமக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள் அல்ல. அவர் பூமிக்குக் கிழக்கே நம் பூமி இருக்கிறது என்று பொருள். அதாவது அவர் நமக்கு மேற்குப் பக்கத்துக்காரர். இதைத் தலைகீழாகப் படித்துப் படம் வரைந்தால் ஊரே திரும்பிவிடும்.

கணக்குப் புத்தகங்கள்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன என்பதால் அவற்றைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1792 இல் சேலமும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமான பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் குடியானவரோடு நேரடியாகத் தீர்வை (நிலவரி) பேசும் முறையைத் தொடங்கினார்கள். அதுவே பின்னால் ரயத்துவாரி ஆயிற்று. அந்த ஏற்பாட்டின் அரசாங்கப் பக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கிறது. தீர்வை கட்டியவர் அந்தப் பணத்தை எப்படிப் புரட்டினார் என்பது உங்கள் அட்டாலியில் இருந்தால் உண்டு. எங்கள் கட்டில் தப்பிய சில ஏடுகளில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைச் சாலுக்குத் தோல் வாங்கிய பற்றும், கிணற்றில் பங்காளிகள் இறைக்கும் முறைநாளும், மலைமேல் எஸ்டேட்டுக்கு ராகி ஏற்றிப்போன பொதிமாட்டுக் கூலியும் வருகின்றன. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காப்பி நட்டார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் சாப்பிட்ட ராகி எந்தக் காட்டில் விளைந்தது என்பதை அந்த ஏடுகள் சொல்கின்றன. ஓர் ஏட்டில் ஆண்டுதோறும் ஐப்பசியில் 'சின்னவள் ஜீவனத்துக்கு' என்று கம்பும் எண்ணெயும் புடவை ஒன்றும் பற்றெழுதப்படுகின்றன. புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்த ஒரு பெண் என்று நினைக்கிறேன். எந்தப் பத்திரத்திலும் அவர் இல்லை. பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பற்று நின்றுவிடுகிறது.

பாதுகாப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், பின் குத்தாதீர்கள். இவை மூன்றும் கரையானைவிட அதிகம் அழித்திருக்கின்றன. ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவலாம், காகிதத்துக்கு எந்த எண்ணெயும் கூடாது. காய்ந்து சுருண்ட ஓலையை வலிந்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். அமிலமில்லாத தாளில் சுற்றி, காற்றோட்டமான அலமாரியில், சுவரில் படாமல் வையுங்கள். பழைய வழக்கப்படி வசம்புத் துண்டை ஒரு துணி முடிச்சில் கட்டி அருகில் வைக்கலாம். உங்கள் உறவினர் வீடு ஏற்காட்டில் இருக்கிறது, அங்கே குளிர்ச்சியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள்; தயவுசெய்து அங்கே கொண்டுபோகாதீர்கள். மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள் வரும் ஊர் அது. ஒரே பருவத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். சமவெளியின் வறண்ட வெயில்தான் இத்தனை நாளும் உங்கள் காகிதங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

மூலங்களை யாருக்கும் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. நிலம் இன்னும் குடும்பத்தில் இருந்தால் மூலப் பத்திரமாக அவை தேவைப்படும். படிகளைக் கொடுங்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1650 முதல் 1950 வரையிலான தமிழ் வேளாண் ஆவணங்களை எண்மப் படிகளாக்கியிருக்கிறது. அந்தத் திட்டத்தில் மூலங்கள் நாட்டை விட்டுப் போவதில்லை. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இப்படிப்பட்ட பொருள்களின் மதிப்பை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடன் பத்திரங்களிலும் பண்ணையாள் சீட்டுகளிலும் ஊரில் இன்றும் வாழும் குடும்பங்களின் முன்னோர் பெயர்கள், சாதிப் பெயரோடும் பட்ட கடனோடும் இருக்கும். அவற்றைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. எங்களுக்கு நிலத்தை இழந்தவரின் பேரன் வழியினர் இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் நேரில் போய் அந்த மூன்று காகிதங்களையும் காட்டிவிட்டு, படி ஒன்றும் கொடுத்துவிட்டு வந்தேன்.

படியெடுக்கும் வேலையைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. பழைய பத்திரங்களில் சர்வே எண் இருக்காது. ஊஞ்சக்காடு, கல்லாங்குத்து, கிணத்துமேட்டுக்காடு என்று காட்டின் பெயர்தான் இருக்கும். எந்தப் பெயர் எந்தக் காட்டுக்கு உரியது என்பது பட்டாவிலும் இல்லை, வரைபடத்திலும் இல்லை. தலைமுறையாகக் கணக்கெழுதிய கிராமக் கணக்குப்பிள்ளைகள் வேலை 1980 இல் எடுக்கப்பட்ட பிறகு, அந்த அறிவு ஊர்ப் பெரியவர்கள் சிலரிடம் மட்டும் தங்கியிருக்கிறது. உங்கள் அப்பத்தாவுக்கு எண்பத்தெட்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரங்களில் வரும் காட்டுப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் போங்கள். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, அவர் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நடக்க முடிந்தால் காட்டுக்கே அழைத்துப் போங்கள். எங்கள் பத்திரத்தில் இருந்த 'கன்னிமார் குட்டைக்கு வடக்கு' என்பது எந்த இடம் என்று என் பெரியம்மாதான் கைநீட்டிக் காட்டினார். குட்டை தூர்ந்து வீட்டுமனைக் கல் நட்டிருந்தார்கள். ஒரு வேப்பமரத்தடியில் ஏழு கல் மட்டும் இருந்தது.