ராத்திரி முனகலும் 34 டெசிபெல்லும்: வாசகர் கேள்வி – பதில்

மேடவாக்கத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். ராத்திரி பத்தரைக்கு மேல் படுத்தால் ‘ஊம்ம்ம்’ என்று ஒரு முனகல். காதில் கேட்கிறதா, நெஞ்சில் கேட்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் கணவர் ‘எனக்கு ஒண்ணும் கேட்கலையே’ என்கிறார். டெசிபெல் அளக்கும் ஆப் போட்டுப் பார்த்தேன். 34, 35 என்று காட்டுகிறது. அசோசியேஷன் செயலாளரோ, ‘ராத்திரிக்கு 45 வரை சட்டமே அனுமதிக்குது மேடம்’ என்று சிரிக்கிறார். கோளாறு எனக்குத்தானா?
– ஒரு வாசகி, சென்னை

உங்களுக்கு ஒன்றும் இல்லைங்க அம்மா. கோளாறு அந்த 34-இல் இருக்கிறது.

ஆப் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஏ’ என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், பாருங்கள். நம் காது தாழ்ந்த சுருதிக்குக் கொஞ்சம் மந்தம். கருவியும் அப்படியே நடந்துகொள்ளட்டும் என்று, தாழ்ந்த ஒலிகளில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கூட்டுவதுதான் ‘ஏ’ கணக்கு. ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ்; எண் குறைந்தால் சுருதி தாழும். 1000 ஹெர்ட்ஸில் கழிவே கிடையாது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல் கழிப்பார்கள், 50 ஹெர்ட்ஸில் 30, அதற்கும் கீழே 31.5 ஹெர்ட்ஸில் 39. உங்கள் படுக்கையறையில் 50 ஹெர்ட்ஸ் முனகல் 55 டெசிபெல் இருந்தாலும் ‘ஏ’ கணக்கில் அது வெறும் 25. பல போன்களில் மைக்கின் சொந்த இரைச்சலே அதைவிட அதிகம். ஆக, நீங்கள் பார்த்த 34 பெரும்பாலும் தூரத்து வண்டிச் சத்தமும் மைக்கின் இரைச்சலும் சேர்ந்தது. முனகல் அதில் தலைகாட்டவே இல்லை.

காதுக்கோ கேட்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 44 டெசிபெல்லைத் தொட்டால் நல்ல காது அதைப் பிடித்துவிடும் என்கிறது அனைத்துலகத் தர அளவு. அந்த எல்லையைத் தாண்டிவிட்டால், தாழ்ந்த சுருதியில் சத்தம் மளமளவென்று பெருத்துவிடும். பேச்சுச் சத்தத்தில் ஐந்து டெசிபெல் கூடினால் ‘சரி, கொஞ்சம் கூடியிருக்கு’ என்போம். இதில் ஐந்து கூடினால் எழுந்து உட்கார்ந்துவிடுவோம்.

கணவரையும் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். காதின் எல்லை ஆளுக்கு ஆள் மாறும் என்பது ஒரு பக்கம். அறையும் ஒரு விளையாட்டு விளையாடும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6.8 மீட்டர். அதில் பாதி 3.4 மீட்டர், அதாவது பதினோரு அடி. நம் ஊர்ப் படுக்கையறைகள் பலவும் ஒரு பக்கம் அந்த அளவுதான். அப்படிப்பட்ட அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை நிலைகொண்டுவிடும். சுவரோரம் பலமாகவும் அறை நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமலும் இருக்கும். நீங்கள் சுவர்ப் பக்கம் படுக்கிறீர்களா? ஒரு ராத்திரி இடம் மாற்றிப் படுத்துப் பாருங்கள். சண்டை தீரலாம், அல்லது கட்சி மாறலாம்.

இனி போனைப் பற்றி. அதன் மைக்கை வைத்திருப்பது நீங்கள் பேசுவதைக் கேட்க. காற்று மோதும் ‘புஸ்’ சத்தம் எதிராளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, தாழ்ந்த ஒலியை வடிகட்டித்தான் பல போன்கள் உள்ளே அனுப்பும். ஐபோனில் ஐஓஎஸ் 6 வந்த பிறகுதான் அளவெடுக்கும் ஆப்கள் அந்த வடிகட்டியை விலக்கிக்கொள்ள முடிந்தது. ஆண்ட்ராய்டில் 7-ஆம் பதிப்பிலிருந்து வடிகட்டாத ஒலியைக் கேட்டு வாங்க ஒரு தனி வழி உண்டு. எல்லாப் போனிலும் அது இல்லை. இருக்கிற போனிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருபது டெசிபெல் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று ஆண்ட்ராய்டின் விதியே சலுகை தருகிறது. இருபது டெசிபெல் பிசகும் தராசில் தங்கம் நிறுக்க முடியுமா? அதனால் முனகல் எத்தனை டெசிபெல் என்று போனிடம் கேட்காதீர்கள்.

எந்தச் சுருதி, எப்போது, எங்கே என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் சாதாரணப் போன்கூட நேர்மையாகப் பதில் சொல்லும். திருடனைப் பிடிக்க அது போதும்.

ஜெனரேட்டருக்குச் சத்தம் அடக்கும் கூண்டு செய்யும் கோவைப் பட்டறை ஒன்றில் காலம் தள்ளியவன் நான். ஊரில் எங்கே உறுமல் கேட்டாலும் பழி முதலில் ஜெனரேட்டர் மேல்தான் விழும். பீளமேட்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எதிர்க் கட்டடத்து ஜெனரேட்டர்தான் காரணம் என்று மனுவெல்லாம் எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். நான் போனில், எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி என்று கோடு கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் ஆப்பைத் திறந்து, புகார் சொன்ன அம்மாவின் தலையணைப் பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 48 ஹெர்ட்ஸில் ஒரு கோடு எழுந்தது. கொஞ்ச நேரம் நின்றது, மறைந்தது. அப்புறம் மறுபடி எழுந்தது.

ஜெனரேட்டர் அப்படி வராது. நம் ஊர் ஜெனரேட்டர் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 1500 சுற்று. அதனால் 25 ஹெர்ட்ஸ் அதன் அடிச் சுருதி. நாலு சிலிண்டர் என்றால் எரிப்பு 50-இல் விழும், மூன்று என்றால் 37.5, ஆறு என்றால் 75. கரன்ட் வரும்வரை விட்டுவிட்டு அல்ல, ஒரே சீராக ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 100 ஹெர்ட்ஸ். மின்சாரம் 50 என்றாலும் உள்ளே இருக்கும் இரும்பு ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை விம்மி அடங்குவதால் ஒலி இரட்டிப்பாகும். ஆனால் 48 என்பது மோட்டாரின் கையெழுத்து. 3000 சுற்று சுற்ற வேண்டிய மோட்டார் பாரம் ஏறினால் கொஞ்சம் பின்தங்கி 2880 சுற்றும். 2880-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள்.

மொட்டை மாடிக்குப் போனோம். குழாயில் தண்ணீர் வேகமாக வருவதற்காக வைத்த பிரஷர் பம்ப், ரப்பர் கூட இல்லாமல் நேராகக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. நடு ராத்திரியில் யார் குழாய் திறக்கிறார்கள்? யாரும் இல்லை. மூன்றாம் மாடிக் கழிப்பறை ஃபிளஷ் டேங்கில் ரப்பர் வாஷர் தேய்ந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அழுத்தம் குறையக் குறைய பம்ப் தானாக ஓடி நின்றது. வாஷரை மாற்றி, பம்புக்கு அடியில் ரப்பர் மவுன்ட் வைத்தார்கள். மனு கிழிபட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ‘ஸ்பெக்ட்ராய்ட்’ மாதிரி ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப், அல்லது ஜெர்மனியின் ஆக்கன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ‘ஃபைஃபாக்ஸ்’. அமைப்புகளில் எஃப்எஃப்டி (ஒலியைச் சுருதிவாரியாகப் பிரிக்கும் கணக்கு) அளவு என்று இருப்பதில் உள்ளதிலேயே பெரிய எண்ணை வையுங்கள். 4096 வைத்தால் திரையில் 12 ஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான். 48-க்கும் 50-க்கும் வித்தியாசமே தெரியாது. ஏசி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். போனைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரத்தின் 50, 100 அதிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். உறையைக் கழற்றி, மடித்த துண்டின் மேல், மைக் மூடாமல், அறையின் மூலையில் ஒரு தடவையும் தலையணைப் பக்கம் ஒரு தடவையும் வையுங்கள். மூலையில்தான் கோடு நன்றாக எழும். வந்த நேரம், போன நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். அப்புறம் வாட்ச்மேனைச் சிநேகம் பிடித்து, சந்தேகப்படும் மோட்டாரை இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். கோடு அதோடு விழுந்து, போட்டதும் எழுந்தால் செயலாளரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். டெசிபெல் பேச்சையே எடுக்காதீர்கள். அந்த ஆட்டத்தில் அவர்தான் ஜெயிப்பார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புக்கு ராத்திரி 45 என்பதும் ‘ஏ’ கணக்குத்தான்.

அவர் டெசிபெல்லைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் ஒரு வழி இருக்கிறது. ‘சி’ கணக்கு உள்ள ஆப்பில் இரண்டு கணக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். ‘சி’ 50 ஹெர்ட்ஸில் ஒரு டெசிபெல் சொச்சம்தான் கழிக்கும். ‘சி’-யிலிருந்து ‘ஏ’-யைக் கழித்து 20-க்கு மேல் வந்தால் தாழ்ந்த ஒலிதான் பிரச்சினை என்று சந்தேகிக்கச் சொன்னது ஜெர்மனியின் டிஐஎன் 45680 தர விதி, 1997-லேயே. ஜன்னல் காற்று மைக்கில் படாமல் எடுத்து, போனிலேயே 20-க்கு மேல் காட்டினால் உங்கள் பக்கம் பலம். காட்டாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை, வடிகட்டி விழுங்கியிருக்கலாம்.

ஜன்னலைச் சாத்தினால் உறுமல் கூடுதலாகக் கேட்கிறதே, இது என்ன நியாயம்?
– ஒரு வாசகர், திருச்சி

கூடவில்லை. தெருச் சத்தம், இலைச் சத்தம், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் இதுவரை அதை மூடியிருந்தன. ஜன்னல் அவற்றைத் தடுத்துவிட்டது. தாழ்ந்த ஒலி கண்ணாடிக்கும் செங்கலுக்கும் அவ்வளவாக மதிப்புக் கொடுப்பதில்லை, உள்ளே வந்துவிடுகிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுவிட்டு ‘முன்னைவிட மோசம்’ என்று சொன்னவர்கள் எனக்குத் தெரியும். முதலில் மூலத்தைத் தேடுங்கள். இப்போதைக்கு ஃபேனைப் போட்டுக்கொண்டு படுங்கள்.

பக்கத்துச் சுவரை ஒட்டி விசைத்தறிக் கொட்டகை. தறி நிமிஷத்துக்கு 120 பிக் (நாடா குறுக்கே ஓடும் தடவை) ஓடுகிறது. ஆன்லைனில் வாங்கிய மீட்டர் 66 காட்டுகிறது, போன் 58 காட்டுகிறது. எதை நம்புவது? போனில் எடுத்ததை வைத்துப் புகார் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பல்லடம்

இரண்டையும் சந்தேகப்படுங்கள், போனைக் கொஞ்சம் கூடுதலாக. மீட்டரைச் சரிபார்க்க, அதன் மைக்கில் மாட்டும் ஒரு சின்னக் கருவி உண்டு. 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபெல் தரும். அந்தக் கருவி வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஆனால் 1000-இல் சரியாக இருக்கும் மீட்டர் 50-இல் சரியாக இருக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

புகாருக்கு விதி வேறு. வரம்பை 10 டெசிபெல் அல்லது அதற்கு மேல் தாண்டினால் புகார் கொடுக்கலாம் என்பது மேலே சொன்ன விதிகளிலேயே இருக்கிறது. போன் படம் அளவுச் சான்றாகச் செல்லாது. ஆனால் எந்த நேரத்தில் வந்து அளந்தால் பிடிபடும் என்று அதிகாரிக்குச் சொல்ல அது உதவும். அவர்கள் மத்தியானம் தறி நின்றிருக்கும்போது வந்துவிட்டுப் போகிற கதை உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இன்னொன்றையும் கவனியுங்கள். 120 பிக் என்றால் நாடா நொடிக்கு இரண்டு தடவை அடிக்கிறது. அதை மைக்கில் தேட வேண்டாம். நாடா அடிக்கும் சத்தம் எல்லாச் சுருதியிலும் சிதறும். 2 ஹெர்ட்ஸ் என்பது அது திரும்பத் திரும்ப வரும் கணக்கு. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது தரை வழியாக வரும் அதிர்வாக இருக்கலாம். ஃபைஃபாக்ஸில் முடுக்கத்தின் (அதிர்வின்) ஸ்பெக்ட்ரம் காட்டும் பகுதியைத் திறந்து, போனைத் தரையில் மல்லாக்க வையுங்கள், மெத்தையில் அல்ல. 2, 4, 6 என்று சீரான இடைவெளியில் கோடுகள் எழுந்தால் தறிதான். தறிக்காரரிடம் பேசும்போது ‘அடியில் ரப்பர் ஷீட் போடுங்க’ என்பதோடு நிறுத்தாதீர்கள். மெல்லிய ஷீட் நொடிக்கு இரண்டு தடவை வரும் அந்த அதிர்வை நிறுத்தாது. தறியின் அஸ்திவாரம் உங்கள் சுவரோடு சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சேர்ந்திருந்தால் பிரித்துவிட வேண்டும். அதற்குக் கொத்தனார் செலவு இருக்கிறது. யார் தருவது என்பதில் நான் தலையிடவில்லை.

தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். நம்பகமான ஒரே ஓர் ஆப் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், ஓசூர்

ஐபோன் இருந்தால் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியாஷ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ஒலி அளவு ஆப். இலவசம், விளம்பரம் இல்லை. ‘ஏ’ கணக்கில் இரண்டு டெசிபெல்லுக்குள் நிற்கும் என்று அவர்களே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்ட்ராய்டுக்கு அவர்கள் வெளியிடவில்லை. போன் வகைகள் ஏராளம், ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு விதம். தறி, பிரஸ், கிரைண்டிங் சத்தத்துக்கு ஐபோன் ஆப் நன்றாகவே உதவும். கம்ப்ரசர் அறையின் உறுமலுக்கு மேடவாக்கம் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

முதுமலை தெப்பக்காடு யானை முகாமுக்குப் பள்ளியில் கூட்டிப்போனார்கள். யானை நமக்குக் கேட்காத குரலில் பேசும் என்றார் ஆசிரியர். அதைப் போனில் பதிவு செய்ய முடியுமா சார்?
– ஒரு மாணவன், ஊட்டி

உன் ஆசிரியர் சொன்னது சரிதான், தம்பி. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் கேட்டி பெய்ன் என்ற அம்மையார் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, சத்தம் இல்லாமலே காற்று துடிப்பதை உணர்ந்தார். பிறகு பதிவு செய்து பார்த்தபோது 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையான குரல்கள் அகப்பட்டன. மனிதக் காதின் கீழ் எல்லை சுமார் 20.

போனில் இருக்கும் காற்றழுத்த உணரியைக் கொண்டு பிடிக்கலாமா என்று கேட்பாய். அது ஒரு மாடி ஏறினால் குறையும் அழுத்தத்தை, சுமார் 0.35 ஹெக்டோபாஸ்கல், அதாவது 35 பாஸ்கல், அழகாகக் காட்டும். மூடிய வீட்டில் கதவைப் படாரென்று சாத்தினாலும் காட்டும். யானைக்கு அது போதாது. ஒரு பாஸ்கல் என்பதே 94 டெசிபெல். யானை பக்கத்திலேயே நின்றால்தான் அந்த அளவு வரும், அப்போது நீ போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மைக்கில் முயன்று பார்க்கலாம். பாகன் அனுமதித்த தூரத்தில், காற்று இல்லாத காலை வேளையில், வாட்ஸ்அப் குரல் பதிவில் அல்லாமல், ஒலியைச் சுருக்காத ‘வேவ்’ கோப்பாகப் பதிவு செய்யும் ஆப்பில் எடு. குரல் பதிவு ஆப்கள் பேச்சைத் தவிர மற்றதை வெட்டிவிடும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அடாசிட்டி மென்பொருளில் அதைப் பத்து மடங்கு வேகமாக ஓட்டு. சுருதியும் கூடவே ஏற வேண்டும். வேகம் மட்டும் மாறும் வசதியைத் தேர்ந்தெடுத்துவிடாதே. 18 ஹெர்ட்ஸ் 180 ஆகிவிடும், காதுக்குக் கேட்கும். ஹெட்போன் போட்டுக் கேள், கம்ப்யூட்டரின் சின்ன ஸ்பீக்கரில் 180 கூடச் சரியாக வராது.