அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு துணைக்குப் போகிறீர்களா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் பள்ளியில், பழங்கால வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். துணைக்கு வரும் என் பொறுப்பில் ஆறு பிள்ளைகள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதல் நாளே ஆசிரியரிடம் பெயர்ப் பட்டியல், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் விவரம், அவருடைய அலைபேசி எண் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் பிரிந்துபோவது பெரும்பாலும் வாசல், படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை ஆகிய இடங்களில்தான். கூட்டம் அங்கேதான் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு அறைக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் எண்ணுங்கள். தலையை மட்டும் எண்ணினால் போதாது. அதே சீருடையில் வேறு குழுப் பிள்ளை வந்து சேர்ந்துகொண்டால் கணக்கு ஆறு என்றே வரும், ஆள் மாறியிருக்கும். முகம் பார்த்து, பெயர் சொல்லி எண்ணுங்கள்.

நிதானமான இருவரை முன்னால் விட்டு, "அடுத்த வாசலில் நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு நீங்கள் கடைசியில் வாருங்கள். வழி தவறினால் தேடி அலையாமல் அதே இடத்தில் நிற்க வேண்டும், அடையாள அட்டை அணிந்த ஊழியரிடம் சொல்ல வேண்டும் என்பதை உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: உங்கள் மகள் உங்கள் கையையே பிடித்துக்கொண்டிருப்பாள். மற்ற ஐந்து பேருக்கும் அன்று நீங்கள்தான் துணை என்று வீட்டிலேயே அவளிடம் பேசிவிடுவது நல்லது.

கேள்வி: "ஏன் தொடக்கூடாது?" என்று கேட்டால் என்ன சொல்வது?

பதில்: உண்மையான காரணத்தையே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். விரலில் உள்ள உப்பும் எண்ணெய்ப் பசையும் பட்டால் வெண்கலம் அரிக்கும். பலரும் தொட்டுத் தொட்டுக் கல்லில் செதுக்கிய கோடுகள் மழுங்கிப்போகும். பழந்துணி, பாப்பிரஸ் (பழங்கால எகிப்தியர் நாணல் போன்ற செடியிலிருந்து செய்த எழுதுதாள்) போன்றவை வெளிச்சத்தில் நிறம் மங்கும், போன நிறம் திரும்ப வராது. அதனால்தான் அந்த அறைகளில் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலாக விளக்கு வைக்கிறார்கள். நுழைந்ததும் ஒரு நிமிடம் ஓரமாக நிற்க வையுங்கள். கண் பழகுவதற்குள் ஓடினால் காட்சிப்பெட்டியில் மோதிக்கொள்வார்கள். எழுதுவதற்குப் பென்சில் மட்டும். பேனா மை பட்டால் கறையை எடுப்பது கடினம்.

கேள்வி: எல்லா அறைகளையும் பார்த்தாக வேண்டுமா? மம்மியைப் பார்த்துப் பயந்தால்?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மூன்று அறைகள் தாராளம். ஓட்டமாக ஓடி நூறு பொருள் பார்ப்பதைவிட ஒரே பொருளின் முன் ஐந்து நிமிடம் நிற்பது எவ்வளவோ மேல். மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக் பகுதி) களிமண் எழுத்துப் பலகை இருந்தால் அங்கே நில்லுங்கள். நேராகப் பார்த்தால் கீறல் போலத்தான் தெரியும். குனிந்து பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்திய ஆப்பு வடிவக் குழிகள் நிழலோடு தெரியும். உள்ளங்கை அளவில் வட்டமாக இருந்தால் அது மாணவர் பயிற்சிப் பலகையாக இருக்கலாம். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து மாணவர் எழுதியது. எந்த எழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள்.

மம்மி என்பது உண்மையில் இறந்த மனிதரின் உடல் என்பதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். எகிப்தியர் நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடலை எடுத்துவிட்டு, இதயத்தைப் பெரும்பாலும் உள்ளேயே விட்டு, நேட்ரான் என்னும் இயற்கை உப்பில் சுமார் 40 நாள் உலர்த்தினார்கள். துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள். செய்முறை தெரிந்தால் பயம் பாதி குறைந்துவிடும். அப்படியும் பார்க்க மாட்டேன் என்கிற பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். பக்கத்து அறையில் அந்தப் பிள்ளையோடு இருக்க இன்னொரு பெரியவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.