நுரையை விடுங்கள், அல்புமினைப் பாருங்கள்

காலையில் சலம் நுரைக்கிறது, முதுகு உளைகிறது, இரவில் இரண்டு தரம் எழும்ப வேண்டியிருக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, சாவகச்சேரி வாசகரான நீங்கள் கடைசி வரியில்தான் உண்மையான பயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள்: பதவியாப் பக்கத்து விவசாயிகளைப் போல உங்களுக்கும் சிறுநீரகம் பழுதாகிவிடுமா என்பது.

அந்த நோய் வேறு. 1990களிலிருந்து பதவியா உள்ளிட்ட வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டுள்ள அது பெரும்பாலும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்குவதால், சலத்தை நுரைக்க வைக்கும் புரதம் அதில் வெளியேறுவது குறைவு. நுரையை வைத்து அதைச் சந்தேகிக்க இடமில்லை. முதுகு உளைவுக்கும் நுரைக்கும் தொடர்பில்லை. வேகமாக விழும் சலமும், தண்ணீர் போதாமல் தடித்த சலமும், கழிவறையில் எஞ்சிய சுத்திகரிப்புத் திரவமும் நுரையைத் தரும். அது சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்தது வேறொரு வரி. எட்டு வருட நீரிழிவை வைத்துக்கொண்டு, முழங்கால் நோவுக்குப் பாமசியில் தாமாகவே டைக்குளோபினக் குளிசை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதாகவும், நுரைக்குக் கைப்பேசியில் பார்த்த நெருஞ்சில் கஷாயம் குடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குளிசை சிறுநீரகத்துக்கான இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், இன்றே நிறுத்துங்கள். கஷாயம் ஒழுகும் புரதத்தை அடைக்காது.

நீரிழிவுக்காரரின் சலத்தில் நாள்தோறும் நுரை எழுந்து, பல நிமிடங்கள் அடங்காமல் நின்றால், சிறுநீரகத்தின் வடிகட்டிகள் அல்புமின் என்ற இரத்தப் புரதத்தைக் கசியவிடுகின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். சலத்தில் பட்டியைத் தோய்த்து நிறமாற்றம் பார்க்கும் சாதாரணப் பரிசோதனை தொடக்கக் கசிவைத் தவறவிடக்கூடும் என்பதால், காலையின் முதற்சலத்தில் அல்புமினுக்கும், தசைகளிலிருந்து வரும் கழிவான கிரியற்றினினுக்கும் உள்ள விகிதத்தைக் கேட்டுச் செய்யுங்கள். ஒரு கிராம் கிரியற்றினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் அல்புமின் இருந்தால் அது கூடுதல். காய்ச்சலிலும், கடும் உழைப்பின் மறுநாளும், சலக்கிருமித் தொற்றிலும் தற்காலிகமாகக் கூடுவதால், ஒரு முடிவை வைத்துத் தீர்மானிக்காமல் மூன்று மாதத்துக்குள் திரும்பவும் பார்க்க வேண்டும். கூடவே இரத்தத்தில் கிரியற்றினினும் குருதியமுக்கமும் பார்க்கப்படட்டும். கசிவு உறுதியானால், அதைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும் லோசாட்டன் போன்ற மருந்துகள் அரசாங்கக் கிளினிக்குகளிலேயே வழக்கமாகக் கொடுக்கப்படுகின்றன; ஆனால் அவற்றையும் வைத்தியர் சொல்லாமல் வாங்கக் கூடாது.

காலையில் கண்ணிமைகள் தடித்தாலோ, மாலையில் கணுக்கால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். விழுங்கிய குளிசைகளின் உறைகளையும் கையோடு கொண்டு போங்கள்.