கத்தோலிக்க இளைஞன் போருக்குப் போக மறுக்க முடியுமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வாழும் கத்தோலிக்கக் குடும்பம். அமெரிக்கக் குடிமகனான என் மகனுக்கு அடுத்த மாதம் 18 வயது நிறைகிறது. கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தால் விலக்குப் பெறுவதற்காக, போரை மறுக்கும் சபை ஒன்றின் உறுப்பினர் என்று கடிதம் வாங்கித் தர ஒருவர் 600 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். விலக்குப் பெற, குவேக்கர், மென்னோனைட் போன்ற, போரை மறுக்கும் கிறிஸ்தவச் சபைகளின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது 1917ஆம் ஆண்டுச் சட்டம். 1940இலேயே அந்த நிபந்தனை நீங்கி, ஒருவரின் சமயப் பயிற்சியும் நம்பிக்கையுமே போதும் என்றாகிவிட்டது. காலாவதியான சட்டத்தைத்தான் இந்த இடைத்தரகர்கள் விற்கிறார்கள். ஒரு தந்தை என்னிடம் காட்டிய கடிதத்தில் பையனின் பெயர் மட்டும் வேறு மையில் இருந்தது. அதை விலக்குக் கோரிக்கையை விசாரிக்கும் குழுவிடம் நீட்டினால், பையனின் உண்மையான நம்பிக்கையும் பொய்யாகவே தெரியும்.

18 வயதில் அரசின் படைச்சேர்ப்புப் பட்டியலில் பெயர் பதிவாவது வேறு, படைக்கு அழைப்பு வேறு. 1973க்குப் பிறகு எவரும் கட்டாயமாக அழைக்கப்படவில்லை. விலக்குக் கோரிக்கையை அழைப்பு வந்தால்தான் பரிசீலிப்பார்கள்.

கத்தோலிக்கருக்கு உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது. உரிய அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் போர் ஏற்கத்தக்கது என்று இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினா வகுத்ததையே நம்மில் பெரும்பாலோர் கற்றிருக்கிறோம். அதன்படி ஆராய்ந்து, “இந்தப் போர் அநீதியானது, ஆகவே வரமாட்டேன்” என்று உங்கள் மகன் எழுதினால் மனு தள்ளுபடியாகும். வியட்நாம் போரை மட்டும் மறுத்த நெக்ரே என்ற கத்தோலிக்கப் படைவீரரின் வழக்கில், எல்லாப் போர்களையும் மறுப்பவருக்கே விலக்கு என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹிட்லரின் போரில் சேர மறுத்து 1943இல் கொல்லப்பட்ட ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் மறுத்ததும் அந்த ஒரு போரைத்தான். 2007இல் திருச்சபை புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்திய அவருக்கே இந்தத் தீர்ப்பின்படி விலக்குக் கிடைக்காது. அமெரிக்க ஆயர்கள் அதே 1971இல் மாற்றம் கேட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் சட்டம் அசையவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

உங்கள் மகன் உண்மையிலேயே எல்லாப் போரையும் மறுப்பவனானால், கத்தோலிக்கனாக இருப்பது தடையே அல்ல. 295இல் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்தா நகரில், படைவீரருக்குரிய ஈய முத்திரையைக் கழுத்தில் அணிய மறுத்து உயிர்விட்ட மாக்சிமிலியான் நம் புனிதர்தான். மனச்சான்றின்படி மறுப்பவரை மனிதநேயத்துடன் நடத்தும் சட்டங்கள் வேண்டும் என்று உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் சொன்னது. அவன் தன் நம்பிக்கையையும் அது எப்படி உருவானது என்பதையும் தன் சொற்களில், தன் கையால் இப்போதே எழுதி, தேதியிட்டு, ஒரு பிரதியைப் பங்குத்தந்தையிடம் கொடுத்து வைக்கட்டும்.