வாசகர் கேள்வி: மருந்துக்கு அடங்காத மருத்துவமனைக் கிருமிகள்

இந்த இதழின் கேள்விகளுக்கு நுண்ணுயிரியல் துறையினரும் தொற்றுநோய்ப் பிரிவு மருத்துவர்களும் பதில் தருகிறார்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம். மூன்று வாரமாக யூரின் டியூப் போட்டிருக்கிறது. கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்து, பெரும்பாலான மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’ (மருந்துக்கு அடங்காது) என்று வந்திருக்கிறது. ஆனாலும் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதவில்லை. இப்படியே விடலாமா?
– வாசகி, திருச்சி

காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்பக்க வலி, ரத்த அழுத்தம் இறங்குவது போன்ற எதுவும் இல்லையென்றால் உங்கள் டாக்டர் செய்தது சரியே. டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது. மூன்று வாரம் ஆன டியூபில் கிருமி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். டியூபின் உட்சுவரில் அது குளத்துப் பாசி போல வழுவழுப்பான படலம் கட்டி வாழும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. கொடுத்தால் எளிதில் சாகும் கிருமிகள் செத்து, அடங்காதவை மட்டும் மிஞ்சும். அடுத்த ரிப்போர்ட்டில் இப்போதிருக்கும் ஒன்றிரண்டு ‘எஸ்’ஸும் (மருந்துக்கு அடங்கும்) போய்விடும்.

நோய்க்குறி இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருந்தால், கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியக்கூடிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும்தான் பொதுவாக மருந்து தருவோம்.

சாம்பிளை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். யூரின் பையிலிருந்து பிடித்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. பையில் தேங்கிய சிறுநீரில் கிருமி மணிக்கணக்கில் பெருகியிருக்கும். நோய்க்குறி இருந்து கல்ச்சர் தேவைப்பட்டால், இரண்டு வாரத்துக்கு மேலான டியூபை மாற்றிவிட்டுப் புது டியூபிலிருந்து எடுக்க வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக் கூடாது. டியூப் இன்னும் தேவைதானா என்று தினமும் கேளுங்கள். அதை எடுத்துவிடுவதைப் போல நல்ல சிகிச்சை வேறில்லை.

எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமி என்றால் அது வீரியம் மிகுந்த கிருமி என்றுதானே பொருள்?
– கல்லூரி மாணவர், மதுரை

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இவை இரண்டும் தனித்தனிக் குணங்கள். மருந்தைத் தாங்குவது ஒன்று, உடம்பைத் தாக்கி நோய் உண்டாக்குவது இன்னொன்று. கிளெப்சியெல்லா நிமோனியேவை வைத்தே பார்க்கலாம்.

1986இல் தைவான் மருத்துவர்கள் ஒரு புதுப் போக்கைப் பதிவு செய்தார்கள். மருத்துவமனைப் பக்கமே வராதவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, இந்தக் கிருமியால் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தது. சிலருக்கு அது ரத்தம் வழியாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையைப் பறித்தது. இந்த அதிவீரிய வகைக்கு இரண்டு பெரிய ஆயுதங்கள். ஒன்று, தன்னைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் தடித்த சர்க்கரை உறை. நம் வெள்ளணுக்களால் அதை எளிதில் பிடித்து விழுங்க முடியாது. மற்றொன்று, ஏரோபாக்டின் என்ற பொருளைச் சுரந்து நம் உடம்பிலிருந்து இரும்பைப் பறிக்கும் திறன். கிருமி பெருக இரும்பு வேண்டும், நம் உடலோ அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஏரோபாக்டினுக்கான மரபணுக்களும், உறையைத் தடிக்கச் செய்யும் மரபணுவும் ஒரே பெரிய பிளாஸ்மிடில் இருக்கின்றன. பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாகச் சுற்றும் டி.என்.ஏ. வளையம். இவ்வளவு கொடிய கிருமியாக இருந்தும், நெடுங்காலம் இது ஆம்பிசிலின் தவிர மற்ற சாதாரண மருந்துகளுக்கு அடங்கியே வந்தது.

ஐ.சி.யூ.வில் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது இதற்கு நேர்மாறானது. அதன் வீரியம் சுமார்தான். நல்ல உடம்பை அது ஒன்றும் செய்யாது, வென்டிலேட்டரிலும் டியூப்களோடும் கிடப்பவரைத்தான் பிடிக்கும். ஆனால் அதன் பிளாஸ்மிடில் என்.டி.எம். போன்ற நொதிகளுக்கான மரபணு இருக்கும். இந்த நொதி துத்தநாகத்தின் துணையோடு, கடும் தொற்றுகளுக்குத் தரும் மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் மூலக்கூறின் வளையத்தையே உடைத்துவிடுகிறது. 2008இல் ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் முதலில் இது கண்டறியப்பட்டது. அவர் அதற்கு முன் டெல்லியில் சிகிச்சை பெற்றிருந்ததால் ‘நியூ டெல்லி’ என்ற பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. இந்த வகைத் தொற்றில் உயிர் போவதற்குப் பெரும்பாலும் காரணம் தாமதம். முதலில் தொடங்கிய மருந்து கேட்கவில்லை என்று தெரிவதற்குள் இரண்டு மூன்று நாள் போய்விடுகிறது.

இந்த இரண்டு வகையும் ஒன்று சேர்வதுதான் இப்போது எங்களை உறுத்துகிறது. 2016இல் சீனாவின் ஹாங்சோ நகர ஐ.சி.யூ. ஒன்றில், அறுவை சிகிச்சை முடிந்து வென்டிலேட்டரில் இருந்த ஐந்து பேருக்கு இப்படியொரு கிருமி தொற்றியது. ஐவருமே இறந்துபோனார்கள். ஏற்கெனவே மருந்துக்கு அடங்காதிருந்த ஒரு வகை, வீரியப் பிளாஸ்மிடையும் வாங்கிக்கொண்டிருந்தது என்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. எஸ்.டி.23 என்ற அதிவீரிய மரபணு வகை, மெரோபெனத்தை உடைக்கும் மரபணுக்களைச் சுமந்து பல நாடுகளில் தென்படுவதாக 2024 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

வார்டில் இதனால் என்ன மாறுகிறது? அடங்காத கிருமி என்றால் எந்த மருந்து என்று யோசிக்கிறோம். வீரியக் கிருமி என்றால் உடம்பில் வேறு எங்கே சீழ் ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறோம். வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டும், கட்டி இருந்தால் குழாய் வைத்துச் சீழை வடிக்க வேண்டும், மருந்து நான்கு முதல் ஆறு வாரம் போக வேண்டும். பார்வை மங்குகிறது என்று நோயாளி சொன்னால் அன்றைக்கே கண் மருத்துவர் பார்க்க வேண்டும்.

லேபில் எளிய சோதனை ஒன்று உண்டு. தட்டில் வளர்ந்த கிருமிக் கூட்டத்தை லூப்பால் (முனையில் வளையமுள்ள கம்பி) தொட்டு மேலே இழுத்தால் பாகு போல நூல் வரும். அது 5 மி.மீ.க்கு மேல் நீண்டால் சந்தேகப்படலாம். ஆனால் நூல் வருவதெல்லாம் அதிவீரிய வகை இல்லை, நூல் வராமலும் அது இருக்கலாம். உறுதி செய்ய மரபணுச் சோதனை வேண்டும்.

ரிப்போர்ட்டில் எம்.ஐ.சி. என்று எண்கள் இருக்கின்றன. எண் சிறிதாக இருக்கும் மருந்துதானே நல்லது?
– வாசகர், ஈரோடு

இல்லை. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த அளவு அது, ஒரு மி.லி.யில் எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. ஒவ்வொரு மருந்தும் உடம்பில் எட்டும் அளவு வேறு. அதனால் அதன் எல்லைக்கோடும் வேறு. கிளெப்சியெல்லாவுக்கு எதிராக மெரோபெனம் 1 என்று வந்தால் ‘எஸ்’, தாராளமாகப் பயன்படுத்தலாம். சிப்ரோஃப்ளாக்சசின் அதே 1 என்று வந்தால் ‘ஆர்’, அது வேலைக்கு ஆகாது. எண்ணைவிட அருகிலுள்ள எழுத்தையும், எந்த உறுப்பில் தொற்று என்பதையும் பாருங்கள். நைட்ரோஃபுரான்டாயின் ‘எஸ்’ என்றிருந்தாலும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மட்டுமே உதவும், ரத்தத்தில் கிருமி இருந்தால் உதவாது.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் தனிக் கதை. அதன் பெரிய மூலக்கூறு, கிருமி வளர்க்கும் கூழான அகாரில் சரியாகப் பரவாது. அதனால் மருந்தில் தோய்த்த வட்டச் சில்லை அகார் மேல் வைக்கும் முறையில் பார்த்த முடிவு செல்லாது, திரவ ஊடகத்தில்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஆய்வகத் தர அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. தரப்படி இப்போது கொலிஸ்டினுக்கு ‘எஸ்’ என்ற பிரிவே இல்லை, ‘ஐ’ (இடைநிலை) அல்லது ‘ஆர்’ மட்டும்தான்.

சென்னையில் கண்டுபிடித்த புது மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்ததாமே, இந்தக் கிருமிகளுக்கு அது கேட்குமா?
– வாசகர், வேலூர்

கிருமி சுரப்பது எந்த நொதி என்பதைப் பொறுத்தது. செஃபிபிம் மருந்தோடு என்மெட்டாசோபாக்டம் சேர்ந்த அந்தக் கூட்டுக்கு 2024 பிப்ரவரியில் அங்கே அனுமதி கிடைத்தது. பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை உடைக்கும் இ.எஸ்.பி.எல். நொதி சுரக்கும் கிருமிகளுக்குக் கேட்கும். என்.டி.எம்.முக்குக் கேட்காது. அதற்கு இப்போது செஃப்டாசிடிம்-அவிபாக்டத்தோடு ஆஸ்ட்ரியோனம் சேர்த்துத் தருகிறார்கள். ஆஸ்ட்ரியோனத்தை என்.டி.எம். உடைப்பதில்லை. கூடவே இருக்கும் மற்ற நொதிகள் அதை உடைத்துவிடாமல் அவிபாக்டம் காக்கிறது.

ஐ.சி.யூ.வில் தூய்மைப் பணி செய்கிறேன். தினமும் ஹைப்போகுளோரைட் (குளோரின் கலந்த கிருமிநாசினி) போட்டுத் துடைத்தும் அசினெட்டோபாக்டர் என்ற கிருமி திரும்பத் திரும்ப வருகிறது என்கிறார்கள். எங்கே தவறு?
– பணியாளர், சேலம்

உங்கள் வேலையில்தான் குறை என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பிலேயே வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். வழக்கமாகத் தவறும் இடங்களைச் சொல்கிறோம்.

முதலில் கரைசல். 5 சதவீத ஹைப்போகுளோரைட் 100 மி.லி.யுடன் 900 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 0.5 சதவீதம் கிடைக்கும். ரத்தம் சிந்திய இடத்துக்கு 200-க்கு 800 கலந்து 1 சதவீதமாக்கி, குறைந்தது 10 நிமிடம் ஊற விடுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றுக் கலந்தது பலமிழந்திருக்கும். கேனை வெயிலில் வைத்திருந்தால் லேபிளில் 5 என்று போட்டிருந்தாலும் உள்ளே அந்த அளவு இருக்காது. அழுக்கும் சளியும் குளோரினைத் தின்றுவிடும், எனவே முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டுப் பிறகே இதைப் போடுங்கள். போட்டவுடன் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் கிருமி சாகாது, பரப்பு சில நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

அடுத்து, தரையைவிடக் கை படும் இடங்கள்: கட்டில் கம்பி, மானிட்டர் பொத்தான், வென்டிலேட்டர் திரை, இன்ஃபியூஷன் பம்ப், கம்ப்யூட்டர் கீபோர்டு. மின்கருவிகளை ஹைப்போகுளோரைட் அரித்துவிடும் என்பதால் பலரும் அவற்றைத் தொடுவதே இல்லை. பெரும்பாலான கருவிகளுக்கு 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணி போதும். கட்டிலுக்குக் கட்டில் துணியை மாற்றுங்கள். ஒரே துணியால் எட்டுக் கட்டிலைத் துடைத்தால் முதல் கட்டிலின் கிருமியை எட்டாவதுக்கு நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். ஈர மாப்பை இரவு வாளியிலேயே விடாமல் துவைத்து, தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.

கைகழுவும் தொட்டியில் மிச்சக் குளுக்கோஸையும் மருந்தையும் ஊற்ற வேண்டாமென்று செவிலியர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். வடிகுழாயில் இருக்கும் சூடோமோனாஸ் கிருமிக்கு அது தீனி. ஆல்கஹால் ஹேண்ட்ரப் என்றால் உள்ளங்கை நிறைய எடுத்து, விரலிடுக்கும் கட்டைவிரலும் படும்படி 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். க்ளவுஸ் போட்டிருந்தோம் என்று இதை விடக் கூடாது. கழற்றும்போதுதான் கையில் ஒட்டுகிறது.